வள்ளத்தைத் தின்னும் சிப்பி

புத்தளம் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது உப்பாக இருக்கும். அல்லது கற்பிட்டியிலிருந்து உங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் கருவாடாக இருக்கும். இம்மாதம் நான் உங்களை அங்கே அழைத்துப் போவது இவை இரண்டுக்காகவும் அல்ல. அந்தக் களப்பிலே குடியிருக்கும் ஒரு பிராணியைக் காட்டுவதற்காகவே அழைக்கிறேன். அதைச் சாதாரணமாகக் காண முடியாது. அதன் வீட்டைத்தான் காணலாம், அதுவும் பெரும்பாலும் வீடு இடிந்து போன பிறகுதான்.

பாலாவிச் சந்தியில் பஸ் இடது பக்கம் திரும்பியதும் உப்பளங்கள் தெரியும். அதன் பிறகு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம் ஒடுங்கிய ஒரு நிலத்தின் மேலே பயணம் செய்கிறீர்கள். இடப்பக்கம் பெருங்கடல், வலப்பக்கம் களப்பு. தென்னையும் மணலும் வெங்காயத் தோட்டங்களும் மறைப்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் காண்பது அரிது. நுரைச்சோலையில் 2011 முதல் மின்சாரம் தரும் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி மட்டும் வெகுதூரத்துக்குக் கூடவே வரும். இந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் கடல் பக்கத்துக்கே ஆசைப்படுகிறார்கள். நீங்கள் வலது பக்க ஜன்னலோரமாக உட்காருங்கள். நாம் தேடுகிற பிராணிக்கு அலையடிக்கும் கடலைவிட இந்த அமைதியான தண்ணீர்தான் பிடிக்கும்.

களப்பு 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. ஆனால் பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. வடக்கே வாய் திறந்து கடலோடு சேர்கிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதற்குள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கோடையில் தெற்குக் கோடியில் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். உப்பளம் அங்கே அமைந்ததற்குக் காரணமே அதுதான். ஒரே களப்பில் ஆற்றுத் தண்ணீரும் உண்டு, கடல் தண்ணீரும் உண்டு, கடலைத் தோற்கடிக்கும் உப்புத் தண்ணீரும் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் கரைக்கு நம்மவர் ஒருவர் வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்கிறார். மாலைதீவிலிருந்து புறப்பட்டு 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் இறங்கிய இப்னு பதூதாதான் அவர். அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் இன்றைய புத்தளம் என்பதே பெரும்பாலோர் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதும்போது இன்னொன்றையும் குறித்திருக்கிறார். மழைக்காலத்து வெள்ளம் கறுவா மரங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து கரையிலே மலைபோலக் குவித்திருந்ததாம். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் கறுவா இவ்வளவு மலிவாகக் கிடந்ததா என்றுதான் வியக்கிறார்கள். நான் வியப்பது வேறு. ஆறு மரத்தைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரிலே போடுகிறது. அந்த மரம் பிறகு என்ன ஆகிறது? ஆயிரமாயிரம் வருடங்களாக ஆறுகள் இப்படி மரம் கொட்டியும், உலகத்தின் கரைகள் கட்டைகளால் அடைபட்டுப் போகவில்லையே!

அந்தக் கட்டைகளைத் தின்று தீர்ப்பதற்கென்று ஓர் உயிர் படைக்கப்பட்டிருக்கிறது. தமிழில் அதைக் கப்பற்புழு என்கிறார்கள். பெயரில் புழு, இனத்தில் சிப்பி. மட்டியும் முத்துச்சிப்பியும் இதற்கு உறவு. உடம்பு மட்டும் பால் நிறத்தில், விரல் தடிப்பில், நீளமாகப் புழுப்போல இருக்கும். ஒரு சாண் என்பது சாதாரண நீளம். 60 சென்றிமீற்றர் வரை வளர்வதும் உண்டு. மற்றச் சிப்பிகளுக்கு உடம்பை மூடும் ஓடு, இதற்குத் தலைப்பக்கம் இரண்டு சிறு துண்டுகளாகச் சுருங்கிவிட்டது. அவற்றின் விளிம்பு அரம்போல இருக்கும். அவற்றை அசைத்து அசைத்து மரத்தை அரவிக்கொண்டே முன்னே போகிறது. போகப் போகச் சுரங்கத்தின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறது. வால்பக்கம், அதாவது மரத்தின் வெளிப்புறம் இருக்கும் வாசலில், இரண்டு மெல்லிய குழாய்கள். ஒன்றினால் கடல்நீரை உள்ளே எடுக்கிறது, மற்றதினால் வெளியே விடுகிறது. ஆபத்து என்று கண்டால் குழாய்களை இழுத்துக்கொண்டு, துடுப்பு வடிவான இரண்டு சுண்ணாம்பு மூடிகளால் வாசலை அடைத்துவிடும்.

சுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை அரித்த பிராணியை நீங்கள் இந்நேரம் நினைத்திருப்பீர்கள். அதைத் தரையில் வாழும் கறையான் என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். இது தண்ணீரில் வாழ்வது. வேலை ஒன்று, இடம் வேறு.

மரத்தைத் தின்று உயிர் வாழ்வது சின்னக் காரியமில்லை. மாடு புல்லைச் செரிக்க அதன் வயிற்றுக்குள் நுண்ணுயிர்கள் உதவுகின்றன அல்லவா? கப்பற்புழுவுக்கு அந்த உதவி செவுளிலே இருக்கிறது. செவுளில் குடியிருக்கும் பக்டீரியாக்கள் மரத்தை உடைக்கும் நொதியங்களைச் செய்து கொடுக்கின்றன. மரத்தில் மிகக் குறைவாக உள்ள நைதரசனையும் தண்ணீரில் கரைந்துள்ள வாயுவிலிருந்து பிடித்துக் கொடுக்கின்றன. இந்த பக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியது 1983இல்தான்.

இதன் குஞ்சுப் பருவம்தான் வள்ளக்காரர்களின் கவலைக்கு மூலகாரணம். ஒரு தாய் இலட்சக்கணக்கில் குஞ்சுகளை விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் தண்ணீரோடு மிதந்து திரிகின்றன. அதற்குள் ஒரு மரத்தைத் தொட வேண்டும், தொடாவிட்டால் சாவுதான். தொட்டதும் குண்டூசித் தலையளவு ஒரு துவாரம் போட்டு உள்ளே நுழைகிறது. உள்ளே போய் வளர்கிறது, தடிக்கிறது. அதன் பிறகு போன வழியால் திரும்பி வர முடியாது. ஆயுள் முழுவதும் அந்த மரமே வீடு, அந்த மரமே சாப்பாடு. வீட்டையே தின்று முடித்தால் அதோடு அதன் ஆயுளும் முடிந்தது. வியப்பான ஒன்று சொல்கிறேன். ஒரே பலகைக்குள் நூறு இருந்தாலும் ஒன்றின் சுரங்கம் மற்றதின் சுரங்கத்துக்குள் புகாது. பக்கத்தில் இன்னொன்று இருப்பதை எப்படியோ அறிந்து வளைந்து போய்விடும். வேலித் தகராறில் வருடக்கணக்காக வழக்காடும் நமக்கு இது கொஞ்சம் கூச்சத்தைத் தருகிறது.

வெளியே ஊசித் துவாரம், உள்ளே விரல் தடிப்பில் சுரங்கம். ஆகையால் பலகையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், இடியப்ப உரலின் கண் தட்டைப் போல.

கற்பிட்டிக் கோட்டைக்கு முன்னால் நின்று இதை யோசித்தேன். 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கோட்டை அது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. இந்தக் கடலெல்லாம் மரக் கப்பல்களில் சுற்றியவர்கள் அவர்கள். கப்பலுக்குக் கீழே பூச்சு, மேலதிகப் பலகை என்று எத்தனையோ பாதுகாப்புத் தேடினார்கள். ஆனால் அதே பிராணி அவர்களுடைய சொந்த நாட்டின் வாசலிலேயே வந்து கடித்தது. ஒல்லாந்தின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம். கடலைத் தடுத்து நிற்பவை அணைகள். அக்காலத்தில் அந்த அணைகளுக்கு முன்னால் மரத் தூண்களை நெருக்கமாக நட்டிருந்தார்கள். 1731இல் ஒரு புயலுக்குப் பின் பார்த்தால் தூண்கள் முறிந்து கிடக்கின்றன, உள்ளே எல்லாம் ஓட்டை. அடுத்த வருடம் வேறு மாகாணங்களிலும் அதே கதை. ஊரெல்லாம் பிரார்த்தனை, பச்சாத்தாபம். வேறு வழியின்றி மரத்தை விட்டுவிட்டு, பிற நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கருங்கல் இறக்கி அணைகளைப் புதுப்பித்தார்கள். அந்த அமளிக்கு நடுவே, 1733இல், செல்லியுஸ் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். இது புழுவல்ல, சிப்பி இனம் என்று எடுத்துக் காட்டியவர் அவரே.

ஆங்கிலேயர் 1761இல் 'அலாரம்' என்ற போர்க் கப்பலின் அடிப்புறத்துக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். அது பலித்தது. ஆனால் செப்புத் தகடு அரசாங்கங்களுக்குக் கட்டும், மீன்பிடிக்கிறவனுக்குக் கட்டுமா?

அரபிக் கடலோடிகளின் வழி மலிவானது. கப்பலின் நீர்மட்டத்துக்குக் கீழே மிருகக் கொழுப்பையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினார்கள். சுண்ணாம்புக்கு அரபியில் 'நூறா' என்று பெயர், நாம் 'நீறு' என்கிறோம். ஒலி ஒத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், மொழியறிஞர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். 1183இல் செங்கடலோரத்து ஐதாப் துறைமுகத்திலிருந்து ஹஜ்ஜுக்குக் கடல் கடந்த இப்னு ஜுபைர், அங்கே தென்னங் கயிற்றால் தைத்த மரக்கலங்களைக் கண்டார். ஆணி கிடையாது. அவற்றுக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ பூசுவார்கள், எல்லாவற்றிலும் சிறந்தது சுறா எண்ணெய் என்று எழுதியிருக்கிறார். பாறையில் மோதினாலும் பலகை நெகிழ்ந்து கொடுப்பதற்காக அந்தப் பூச்சு என்பது அவர் கேட்டறிந்த காரணம். அதே பூச்சு குஞ்சுகளின் வாசலையும் அடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நம் கரையின் பழைய வள்ளக்காரர்களிடம் கேட்டாலும் இதே வகை வைத்தியம்தான் சொல்கிறார்கள். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது, மாதத்துக்கு ஒரு முறையாவது மணலில் ஏற்றிக் கவிழ்த்து வெயிலில் போடுவது, அடியில் ஓலை கொளுத்திச் சூடு காட்டுவது. காய்ந்தால் புழு சாகும், சூட்டுக்கும் சாகும். ஆற்றுத் தண்ணீரில் விட்டாலும் சாகும், ஆனால் ஒன்றிரண்டு நாள் போதாது. வாசலை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் உயிர் பிடித்துக் கிடக்கக்கூடியது அது. "ஒரு மாசம் முழுசா ஆத்துக்குள்ளே கிடக்கணும் மௌலவி" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். மூடிகளைப் பற்றி அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இந்த வைத்தியங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்று தேவை. வள்ளத்தை இழுத்து ஏற்ற ஒரு கரை வேண்டும்.

அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கற்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் கேட்டேன். என் மனைவிக்குத் தெரிந்த குடும்பம், மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகவே கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். அந்தப் பயணத்தின் துயரத்தை நீங்கள் பலரும் கேட்டிருப்பீர்கள், சிலர் அனுபவித்தும் இருப்பீர்கள். இந்த வீட்டு உம்மாவும் அப்படி வந்தவர்தான். கணவருடைய பலகை வள்ளத்திலேயே வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் நால்வர், ஒரு பெட்டி, கொஞ்சம் வலை. வீடு வாசல் எல்லாம் அங்கே, கையில் மிஞ்சிய சொத்து அந்த வள்ளம் ஒன்றே.

"வந்து இறங்கினதும் பள்ளிக்கூடத்திலே போட்டாங்க மகள், பிறகு கொட்டில்" என்று என் மனைவியிடம் சொன்னார். "அவர் தொழிலுக்குப் போக ஏலாது. இயந்திரம் இல்லை, எண்ணெய்க்குக் காசில்லை. வள்ளத்தைக் கண்டல் பக்கம் கட்டிப்போட்டார். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பார், தண்ணி இறைப்பார். சாயம் அப்படியே இருந்தது."

"கரையிலே ஏற்றி வைக்கவில்லையா உம்மா?" என்று நான் கேட்டேன்.

"ஏற்றி வைக்க எங்களுக்கு ஏது மௌலவி கரை?" என்றார். "ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருத்தர்ர வாடி. நல்ல மனுசர்தான், சோறு தந்த மனுசர். அவங்கட வள்ளத்தை நகர்த்தி எங்கட வள்ளத்தை வையுங்கள் என்று சொல்ல முடியுமா?"

பதினொரு மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. பிறகு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் ஒரு துண்டுக் காணி எடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். வாங்க வந்தவர் அடிப்பலகையில் உளியால் ஒரு குத்துக் குத்தினார். உளி பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லையாம். உளியை உருவித் துடைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

அந்த வள்ளத்தின் ஒரு பலகை இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. மேற்புறத்துப் பலகை என்பதால் பாதிதான் அரித்திருந்தது. கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டிருக்கிறார். கையில் எடுத்துப் பார்த்தேன். எடை இல்லை. சுரங்கங்களுக்குள் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் உதிராமல் இருக்கிறது. எரிக்காமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. காணி பிறகு எடுத்தார்கள், வெகுகாலத்துக்குப் பிறகு, வெளிநாடு போன மகனின் சம்பளத்தில்.

அந்த வள்ளத்துக்கு நேர்ந்தது தற்செயலான ஒன்றல்ல சகோதரிகளே. அவர்கள் அறியாமலேயே அதைப் புழுவின் ஊருக்கு நடுவிலே கட்டிவிட்டார்கள். ஓடுகிற வள்ளத்தில் குஞ்சுகள் ஒட்டுவது கஷ்டம். வேகமான நீரோட்டத்திலும் அவற்றால் பிடித்துக்கொள்ள முடியாது. அசையாமல் கட்டிக் கிடக்கும் மரம், இளஞ்சூடான தண்ணீர், பக்கத்திலே ஏற்கெனவே புழு குடியிருக்கும் கண்டல் கட்டைகள் - இவை மூன்றும் சேர்ந்த இடம் அது. அப்படியான இடத்தில் பூச்சு இல்லாத பலகை சில மாதங்களிலேயே போய்விடும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. வடக்கே சுவீடன் நாட்டில் 'வாசா' என்ற பெரிய போர்க்கப்பல் 1628இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்துக்குள் மூழ்கியது. 333 வருடம் கழித்து 1961இல் மேலே தூக்கினார்கள். செதுக்கு வேலைகளோடு அநேகமாக முழுக் கப்பலாகவே வந்தது! காரணம், அந்தப் பகுதி பால்டிக் கடலின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கப்பற்புழுவால் அங்கே வாழ முடியாது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ குடாவில் நடந்தது நேர்மாறானது. அதன் வடபகுதியில் ஆற்றுத் தண்ணீர் அதிகம், ஆகவே புழு பயமில்லை என்று வெறும் மரத்திலேயே இறங்குதுறைகள் கட்டியிருந்தார்கள். மழை குறைந்த வருடங்கள் வந்தன. உப்பு மேலேறியது, உப்போடு புழுவும் ஏறியது. 1919க்கும் 1921க்கும் இடையில் துறைமேடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் சரிந்தன.

ஆனால் உப்புக் குறைந்தால் எல்லா இனமும் ஓடிவிடும் என்று எண்ண வேண்டாம். கப்பற்புழுக்களில் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வங்காளத்தில் கங்கையின் கிளையாறு ஒன்றின் நன்னீரிலேயே ஓர் இனத்தைக் கண்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் தீவொன்றில், ஆற்றுக்குள் மரத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து வாழும் இனம் பற்றி 2019இல் எழுதினார்கள். கப்பற்புழுவின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று ஆழ்கடலின் அடியில், வெளிச்சமே போகாத இடத்தில், மூழ்கிப்போன கட்டைகளைத் துளைக்கிறது. மார்ட்டீசியா என்ற குட்டைச் சிப்பி நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக் கரைகளில் மரத்தைக் குடைந்து உள்ளே இருக்கும், ஆனால் மரத்தைத் தின்னாது. அதற்கு மரம் வீடு மாத்திரமே.

பிலிப்பைன்ஸில் பலாவான் தீவுக்காரர்கள் கண்டல் கட்டையைப் பிளந்து கப்பற்புழுவை எடுத்து, வினாகிரியில் தோய்த்து பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். இதை எழுதியதும் 'நாம் சாப்பிடலாமா' என்று கேட்டு எத்தனை கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து மார்க்கக் கேள்வி பதில் பகுதிக்கு எழுதுங்கள். இது பயணக் கட்டுரை.

பிராணியை உயிரோடு காண விரும்பியதால் மறுநாள் களப்பின் எதிர்க்கரைக்குப் போனோம். புத்தளத்திலிருந்து வடக்கே, வண்ணாத்திவில்லைத் தாண்டி, எலுவன்குளத்துக்கு அப்பால் கலா ஓயாவின் கரையில் கங்கேவாடி என்ற மீனவக் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து படகில் ஆற்றோடு கீழே போனால் ஆறு களப்பைத் தொடும் இடத்தில் கண்டல் காடு. நம் நாட்டில் மிஞ்சியிருக்கும் பெரிய கண்டல் காடுகளில் அது ஒன்று. இம்மாவட்டத்தின் வேறு பல இடங்களில் 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காக இந்த மரங்களை வெட்டித் தள்ளிவிட்டார்கள். இங்கே இன்னும் நிற்கின்றன. தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும் முட்டுவேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது வெயில் சட்டென்று குறைகிறது. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கத்தில் படகுக்காரர் நிறுத்தினார். ஐம்பது வயது இருக்கும், பேச்சுக் குறைந்த மனிதர். கத்தியால் நாலு வெட்டு வெட்டிக் கட்டையைப் பிளந்தார். உள்ளே வெள்ளைக் குழாய்கள், குழாய்க்குள் ஈரமான, பளபளக்கும் உடம்பு. உயிரோடுதான் இருந்தது, மெதுவாகச் சுருங்கியது. வேறு சில குழாய்கள் வெறுமையாக இருந்தன. ஒன்றிலிருந்து மிகச் சிறிய நண்டு ஒன்று ஓடியது. இந்தோனேசியாவின் கண்டல் காடுகளில் ஆராய்ந்தவர்கள் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். புழு செத்த பின் அதன் சுரங்கங்களில் சிறு மீன்களும் நண்டுகளும் குடியேறுகின்றன, தண்ணீர் வற்றி வெளியே வெயில் கொதிக்கும்போதும் கட்டைக்குள் குளிர்ச்சி இருக்கிறதாம். புழு அரைத்துத் தள்ளிய மரத்தூளும் அதன் உடம்பும் மற்ற உயிர்களுக்கு இரையாகின்றன. அப்படித்தான் ஒரு மரம் சில வருடத்தில் மீனாகவும் இறாலாகவும் மாறி உங்கள் வீட்டுச் சட்டிக்கு வருகிறது. கோழிக்கூட்டுக் கதவைப் பார்த்த மறுநாளே இதைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. முதல் நாள் அந்தப் பிராணியின்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது, முழுவதும் தணிந்தது என்று சொல்ல மாட்டேன்.

இக்கரையில் கண்டல் மரத்தை விறகுக்கு எடுக்கும் வீடுகள் இருக்கின்றன. பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்பதை எல்லோரும் அறிவார்கள், கண்டல் காடுகள் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. செத்த கட்டைதானே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அதற்குள்ளும் ஒரு ஊர் இருக்கிறது.

திரும்பும்போது படகுக்காரர் தன் இறங்குதுறையில் ஒரு காரியம் செய்தார். அவருடைய படகு பைபர் கிளாஸ். புழுவுக்குப் பைபர் வேண்டாம். ஆனால் படகைக் கட்டும் கம்பு மரம். அது ஆடத் தொடங்கியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து அசைத்து, சேற்றிலிருந்து உருவி எடுத்து எங்களுக்குக் காட்டினார். தண்ணீருக்கு மேலே நின்ற பகுதி நல்ல மரம். சேற்றுக்குள் புதைந்திருந்த பகுதியும் நல்ல மரம், தட்டினால் கணீரென்றது. சேற்றுக்குள் புழுவுக்குச் சுவாசிக்கத் தண்ணீர் கிடைக்காது. நடுவிலே, சேற்றுக்கு மேலே தண்ணீர் நின்ற இரண்டு முழம் மட்டும், விரலால் அழுத்தினாலே உள்ளே போனது.

"இதுக்குள்ளேதான் அவன் இருப்பான்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அளந்து காட்டினார். "மேலேயும் வரமாட்டான், கீழேயும் போகமாட்டான்."

இது எத்தனையாவது கம்பு என்று கேட்டேன். அவர் எண்ணி வைத்திருக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பனங்கம்பை எடுத்து வரச் சொன்னார். பழையதைக் கரையிலே வெயிலில் போட்டார்கள். புதியதை நட்டு முடிப்பதற்குள் அஸருக்கு நேரமாகிவிட்டது.